ஓடைக்கரையைக் காடாக்க ஆசை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். பதினான்கு பிள்ளைகள், எல்லாம் பத்துப் பதினொரு வயது.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவுக்கு 1995 இல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதையும், ஸ்கொட்லாந்தில் வேட்டையாடி ஒழித்த, மரம் கடித்து அணை கட்டும் பீவர்களை 2009 இல் திரும்பவும் காட்டில் விட்டதையும் போன வாரம் சொன்னேன். உடனே ஒரு பிள்ளை, "சேர், நம்ம மலைக்கும் புலி கொண்டு வருவாங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன். சிறுத்தைதான் ஏற்கனவே தேயிலைக்குள் இருக்கிறதே! 2020 இல் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் சிக்கிச் செத்த கருஞ்சிறுத்தையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்கு வேண்டியது கொண்டுவருவதல்ல, இருப்பதை இருக்கவிடுவது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் ஓடையோரம் கைவிட்ட தேயிலை கொஞ்சம் கிடக்கிறது. மானாப்புல்லும் யூக்கலிப்டசும்தான். பிள்ளைகளோடு அதைக் காடாக்கப் பார்க்கிறோம். தோட்டத்து மேலாளரான துரையும் வாய்மொழியாகச் சரி என்றுவிட்டார்.

இந்தக் குளிருக்கு ஏற்ற நம் நாட்டு மரக்கன்றுகள் எங்கே கிடைக்கும்? நடாமல் சும்மா விட்டாலே போதுமா? மலைநாட்டுப் பறவைகளுக்குத் தமிழ்ப் பெயரோடு படப் பட்டியல் யாரிடமாவது உண்டா?

பெரிய சிக்கல் பெற்றோர்தான். "புதர் வளர்ந்தா புலி வந்து படுக்கும்" என்கிறார்கள்; சிறுத்தையைத்தான் புலி என்கிறார்கள். லயத்து நாயைப் பறிகொடுத்தவர்கள், கொழுந்து பறிக்க விடியலில் இறங்குகிறவர்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் யாராவது அவர்களிடம் எப்படிப் பேசினீர்கள் என்று சொல்லுங்களேன்.