விராலடிப்பான் காலில் தங்கூசி

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் கோதண்டராமர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்துவது பூநாரைக்காகத்தான். போன தை மாதம் நானும் அதற்காகத்தான் நின்றேன், ஆனால் என் கண் போனது கரையோரத்து வலைக்கம்பில் உட்கார்ந்திருந்த விராலடிப்பான் மேல், மீனையே பிடித்துத் தின்னும் கழுகு மாதிரிப் பறவை அது. வெள்ளை வயிறு, மஞ்சள் கண், கண்ணை ஒட்டிப் பிடரி வரை ஓடும் கறுப்புப் பட்டை. காலை முன்னே நீட்டிப் பாய்ந்து ஒரு மடவையைத் தூக்கியது. தூக்கிய மீனின் தலை முன்பக்கம் வருமாறு திருப்பிப் பிடித்துத்தான் அது பறக்கும், காற்று தடுக்காது என்பதால். அன்று திருப்ப முடியவில்லை, மீன் நழுவிவிட்டது. காலில் தங்கூசி, அதாவது நைலான் நரம்பு வலையின் துண்டு ஒன்று தொங்கியது. திரும்பவும் கம்பில் இறங்கும்போது அந்த நரம்பு மாட்டிக்கொள்ள, பறவை தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் ஓடிப் போய் தோள் துண்டை அதன் தலை மேல் போட்டார். உடனே அடங்கிவிட்டது. "சிறகை அணைச்சுப் பிடி தம்பி, நகத்துல கையை வச்சிராத" என்றார். நரம்பை அவர் அறுக்கும்போது உள்ளங்காலைப் பார்த்தேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. வழுக்குகிற மீன் நிற்பது அதனால்தான்.

கூடு கட்டுவது வடக்கே, நம்மிடம் குளிருக்கு வருகிற பறவை இது. பிரிட்டனில் 1916-க்குப் பிறகு ஒரு கூடுகூட இல்லாமல் போய், 1954-இல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி வந்தது. முட்டை திருடுகிறவர்களுக்குப் பயந்து அப்புறம் கூட்டுக்கு இரவு பகலாகக் காவல் போட்டார்கள். அமெரிக்காவில் டிடிடி என்ற பூச்சிமருந்து மீன் வழியாக உடம்பில் ஏறி, முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே உடைந்தது. 1972-இல் அங்கே தடை வந்த பிறகுதான் கூட்டம் பெருகியது. அத்தனையும் தாண்டி மீண்ட இனம் நம் கரையில் அறுந்த வலையில் தொங்குவதைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை. இப்போது கரைக்குப் போனால் கத்தியும் ஒரு பையும் கையில் இருக்கும்.

* * *

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தேன். கத்தி சரி, ஆனால் காயமோ ரத்தமோ இருந்தால் அறுத்துப் பறக்கவிடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் சுரபுன்னை வேரில் சுற்றிய தங்கூசியை நாங்கள் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து எடுக்கிறோம். போன ஞாயிறு ஒரு சாக்கு நிறைந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு கொக்கின் கால்.