பூனை மரம் வாங்கியும் பூனைகள் ஏற மறுக்கின்றன: என்ன மாற்றலாம்?

இரண்டாம் மாடி:
சென்னையில் வாடகை வீடு, வீட்டில் இரண்டு பூனைகள். ஆண் பூனையை ‘பையன்’ என்போம், 3 வயது, 5 கிலோ இருப்பான். பெண் பூனை ‘பெரியவள்’, 11 வயது. இவர்களுக்காக இணையத்தில் 5 அடி உயரத்தில் ஒரு பூனை மரம், அதாவது பூனைகள் ஏறிப் படுக்கத் தட்டுகள் வைத்த தாங்கி, வாங்கினோம். நான்கு தட்டு, நடுவில் சின்னக் கூண்டு, உச்சியில் கிண்ணம் மாதிரி படுக்கை. வந்த அன்று பையன் ஒரே தாவில் மேலே போனான், உடனே குதித்து இறங்கிவிட்டான். அதோடு சரி. பெரியவள் பக்கத்திலேயே போகவில்லை. இருவரும் பீரோ மேலும் ஃப்ரிட்ஜ் மேலும்தான் தூங்குகிறார்கள். சோபாவின் கைப்பிடி நார் நாராகக் கிழிந்துவிட்டது. சுவரில் துளை போட வீட்டு உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். வேறு மரம் வாங்குவதா, கார்பெண்டரிடம் சொல்லிச் செய்வதா?

ஜன்னலோரம்:
புதிதாக வாங்கும் முன் இருப்பதைச் சோதித்துவிடலாம். உச்சித் தட்டைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், ஆடுகிறதா? அடிப்பலகை எவ்வளவு அகலம்? தட்டு எவ்வளவு? எந்த அறையில் நிற்கிறது?

இரண்டாம் மாடி:
நன்றாகவே ஆடுகிறது. அடிப்பலகை 40-க்கு 40 செ.மீ., தட்டுகள் 30 செ.மீ. சதுரம். கயிறு சுற்றிய கால்கள் ஒவ்வொன்றும் 35 செ.மீ. உயரம். உள் அறையில் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம், அங்கேதான் இடம் இருந்தது.

ஜன்னலோரம்:
காரணம் எல்லாம் உங்கள் பதிலிலேயே இருக்கிறது. தாவி இறங்கிய தட்டு ஒருமுறை அசைந்தாலே பல பூனைகள் மறுபடி அதில் ஏறாது. 5 அடி உயரத்துக்கு 40 செ.மீ. அடிப்பலகை போதவே போதாது. அப்புறம், பூனை உயரத்தைத் தேடுவது யாரும் எளிதில் நெருங்க முடியாத இடத்திலிருந்து வீட்டு நடமாட்டத்தைப் பார்க்கத்தான். கதவுக்குப் பின்னால் பார்க்க என்ன இருக்கிறது? பீரோ அசையாது, அகலமானது, அங்கிருந்து எல்லாம் தெரியும். அவர்கள் தேர்வு சரியானதுதான்.

சோபா விஷயம் தனி. பிறாண்டும்போது நகத்தின் பழைய மேலுறை கழல்கிறது, முதுகும் தோளும் நீள்கின்றன, பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையும் அந்த இடத்தில் பதிகிறது. பின்னங்காலில் நின்று முழு உடம்பையும் நீட்ட 80 முதல் 90 செ.மீ. உயரமாவது வேண்டும். 35 செ.மீ. காலில் அது நடக்காது, அதனால்தான் கைப்பிடி கிழிகிறது. அந்த உயரத்தில் கயிறு சுற்றிய புதுத் தூண் ஒன்றை அந்தக் கைப்பிடியை ஒட்டியே வையுங்கள். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது: உச்சியில் ஒரு அடுக்கைக் கழற்றி, மரத்தை ஹால் ஜன்னல் பக்கத்து மூலையில் இரண்டு சுவரும் தாங்கும்படி நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைப்பீர்கள் என்றால் கம்பி மட்டும் போதாது, இடைவெளியில் பூனை நுழைந்துவிடும். ஒட்டுப்பட்டையில் நிற்கும் கொசுவலை அதன் எடையைத் தாங்காது. சட்டத்தில் திருகிய இரும்புவலை வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மரப்பட்டறை:
செய்வதென்றால் என் யோசனை. அடிப்பலகை 18 மி.மீ. பிளைவுட், 2 அடிக்கு 2 அடி. தூணுக்கு நன்றாகக் காய்ந்த, 4 அங்குல விட்டமுள்ள உருண்டைக் கட்டை, அடியிலிருந்து நீள ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும். பிவிசி குழாய் விலை குறைவு, ஆனால் அதன் வழவழப்பில் ஃபெவிகால் பிடிக்காது, கயிறு வழுக்கும். எடைக்குக் கடப்பைக்கல் நல்லது. 20 மி.மீ. தடிமனில் 2 அடிச் சதுரம் சுமார் 19 கிலோ வரும். இரண்டு துண்டாக வெட்டித் தூணின் இருபுறமும் வைத்துவிட்டால் சுவரில் துளையே வேண்டாம். தட்டு 45-க்கு 35 செ.மீ. இருந்தால் பையன் கால் நீட்டிப் படுப்பான். பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், ஒருமுறை நனைந்தால் ஊதிவிடும்.

கயிறு 8 மி.மீ., 80 செ.மீ. உயரத்துக்கு நெருக்கிச் சுற்ற சுமார் 35 மீட்டர் ஆகும், 40 வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், கழன்றால் பாதத்தில் குத்தும்.

வேப்பேரி வாசி:
தம்பி, நான் கேட்பது பெரியவளைப் பற்றி. முன்பு தாவிய இடத்துக்கு இப்போதும் ஒரே தாவில் போகிறாளா? தாவும் முன் நின்று யோசிக்கிறாளா? இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடித்திருக்கிறதா?

இரண்டாம் மாடி:
ஆமாம் அக்கா. ஃப்ரிட்ஜுக்கு இப்போது ஸ்டூல், மேசை என்று படிப்படியாகத்தான் போகிறாள். முதுகின் கீழ்ப்பக்கம் முடி கட்டிக்கொள்கிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

வேப்பேரி வாசி:
மூட்டு வலியாக இருக்க வாய்ப்பு உண்டு. வயதான பூனைகளுக்கு அது சகஜம், ஆனால் கத்தாது, நொண்டுவதும் குறைவு. தாவுவதைக் குறைக்கும், குனிந்து நக்க முடியாத இடத்தில் முடி சிக்காகும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ காட்டுங்கள். அவள் தாவுவதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துப் போங்கள், அங்கே மேசை மேல் பூனை உறைந்து உட்கார்ந்துவிடும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

மரத்தில் அவளுக்காக முதல் தட்டைத் தரையிலிருந்து 25 செ.மீ.க்குள் வையுங்கள், அடுத்ததும் அதே இடைவெளியில். கிண்ணப் படுக்கையைவிட, விளிம்பு தாழ்ந்த அகலமான தட்டில் ஏறி இறங்குவது அவளுக்குச் சுலபம். கீழிறங்க இரண்டு வழி இருக்கட்டும். ஒரே வழி என்றால் பையன் நடுத்தட்டில் படுத்து அவளை மறித்துவிடுவான்.

இரண்டாம் மாடி:
மரத்தை ஹாலுக்கு மாற்றி ஒரு அடுக்கைக் கழற்றிவிட்டோம், பையன் இரண்டாம் தட்டில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறான். பெரியவளுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. தட்டுகளின் உயரத்தை அவர் சொன்ன பிறகு கார்பெண்டரிடம் பேசுகிறோம். ஒரே ஒரு கேள்வி: தேங்காய் நார்க் கயிறு போதுமா, சைசல் (ஒரு வகைக் கற்றாழை நார்) கயிறுதான் வேண்டுமா? மேலே கார்பெட் ஒட்டலாமா?

மரப்பட்டறை:
சைசல் வாங்குங்கள். தேங்காய் நார் சீக்கிரம் உதிரும், வீடெல்லாம் தூசி. கிடைக்காவிட்டால் சணலும் சரி. எண்ணெய் வாடை அடிக்கும் கயிற்றை மட்டும் எடுக்காதீர்கள். கார்பெட் வேண்டாம், சென்னைப் புழுக்கத்தில் வாடை பிடிக்கும், தெள்ளுப்பூச்சி முட்டையும் அதில் தங்கும். தட்டுக்குத் தட்டு பருத்தி உறை தைத்துப் போடுங்கள், வாராவாரம் கழற்றித் துவைக்கலாம்.