ஃபெஞ்சல் நிவாரணம்: பட்டா இறந்த அப்பா பேரில், பணம் எப்படி வாங்குவது?

விழுப்புரம் மாவட்டம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம். 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை வெள்ளம் புகுந்து ஒன்றரை ஏக்கர் நெல்லும் போச்சு, கதிர் மேல் முழங்கால் உயரம் மணல். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அப்போது அரசு அறிவித்தது, அந்தக் கணக்கில் எங்களுக்கு 10,000 சொச்சம்தான், ஆனால் மணல் அள்ளிய கடனுக்காவது ஆகும். கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறது, ஆனால் அப்பா பெயர். அவர் புயலுக்கு முன்பே இறந்துவிட்டார், வங்கிக் கணக்கும் முடிந்துவிட்டது. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, சிட்டா, அடங்கல் எல்லாம் விஏஓவிடம் கொடுத்தாச்சு, தாலுகா ஆபீஸிலும் மனு போட்டாச்சு, வேளாண் ஆபீஸைக் கேட்டால் வருவாய்த்துறையைக் கை காட்டுகிறார்கள். தங்கை வெளியூரில் இருப்பதால் பட்டா மாற்றம் இழுக்கிறது.

பட்டா மாறாமல், வாரிசுச் சான்றையும் தங்கையின் சம்மதக் கடிதத்தையும் வைத்து யாராவது இந்தப் பணத்தை வாங்கியிருக்கிறீர்களா, யாரிடம் மனு கொடுத்தீர்கள்?