ஓவிய மாணவிக்கு நிதியுதவி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஓவியம் கற்கும் கல்லூரி மாணவி ஒருத்தி கரித்துண்டில் முதியவர்களின் கைகளை வரைகிறாள், நரம்பும் விரல் கணுவும் தொட்டால் தட்டுப்படும் போலிருக்கும், ஆனால் எண்ணெய் வண்ணமும் கேன்வாஸும் வாங்க வழியில்லாமல் பாதியில் விட்டுவிடுவாளோ என்று கவலையாக இருக்கிறது.

தேடிப் பார்த்தேன். கலைஞர்களுக்கு நிதி தரும் அமெரிக்காவின் பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளை 1985-இல் தொடங்கியது, நல்ல அமைப்புதான், ஆனால் மாணவர்களுக்குத் தருவதில்லை. கனடாவின் எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை எந்த நாட்டு இளம் கலைஞருக்கும் தருகிறது, ஓவியம், சிற்பம், அச்சுக்கலை எதுவானாலும் சரி, மனிதர், பொருள், இடம் என அடையாளம் தெரியும் உருவம் சார்ந்ததாக இருக்க வேண்டும், அரூபம் (abstract) கூடாது. இவளுக்கு இதுதான் பொருந்தும்.

அங்கே விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், ஒரே வரிசையாகவா, பலவகையாகவா? செய்யப்போகும் வேலையைப் பற்றி எவ்வளவு விரிவாக எழுதினீர்கள்?

அப்புறம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட படங்களைப் பார்த்துத்தான் இப்போது நகல் வரைகிறாள். உடற்கூறு வரைதலுக்கு இதுபோல இலவசப் பாடம் எதுவும் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணம் கேட்கும் இடங்கள் மட்டும் வேண்டாம்.