2.95 விழுக்காடு: கர்நாடகத்தின் கடன் தாங்குமா?

அல்சூர்வாசி: 2025-26 கர்நாடக பட்ஜெட்டைப் புரட்டினேன். நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டுச் செலவுக்கு வரவு போதாமல் கடனாக வாங்கும் தொகை, மாநில உற்பத்தியில் 2.95 விழுக்காடு, சட்ட வரம்பு 3. மொத்தக் கடன் 24.91, வரம்பு 25. விளிம்புவரை பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றியதுபோல் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வருவாய்ப் பற்றாக்குறையான 19,262 கோடி ரூபாய்தான். அணை கட்ட வாங்கிய கடன் அல்ல அது, மாதச் செலவுக்கு வாங்கிய கைமாற்று. பெண்களுக்கு இலவச பஸ் உள்ளிட்ட ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு மட்டும் சுமார் 51,000 கோடி போகிறது.

சிவாஜிநகர் செல்வி: பால் பொங்கிவிடும் என்ற பயம் எங்கள் பஸ் டிக்கெட்டைப் பார்த்தால்தான் வருமா ஐயா? 2023 ஜூன் முதல் அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மா சமையல் வேலைக்கு இந்திராநகர் போய்வருகிறார். மிச்சமாகும் காசு முட்டைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் போகிறது. கடைக்காரருக்கும் வியாபாரம்தானே? ஜப்பானின் கடன் அந்நாட்டு உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மூழ்கியா போய்விட்டது?

அல்சூர்வாசி: ஜப்பான் தன் யென்னைத் தானே அச்சடிக்கும். நம் மாநில அரசு இருக்கும் விதான சௌதாவில் நோட்டு அச்சகம் இல்லை அம்மா. மத்திய அரசிடம் வாங்கிய கடனில் பாக்கி இருக்கும்வரை, புதுக் கடனுக்கு டெல்லியின் சம்மதம் வேண்டும். அரசியல் சட்டத்தின் 293-வது பிரிவு அப்படிச் சொல்கிறது.

மடிவாளா கணக்கன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலம் தன் விருப்பப்படி கூட்டக்கூடிய பெரிய வரிகள் சிலதான்: மது, பெட்ரோல், டீசல், பத்திரப் பதிவு, வாகனம். ஆகவே கை அங்கேதான் போகிறது. 2025 ஏப்ரலில் டீசல் வரியை 18.44-இலிருந்து 21.17 விழுக்காடாக்கினார்கள். அதற்கு முன்பே ஜனவரியில் பஸ் கட்டணம் 15 விழுக்காடு ஏறியது. அம்மாவுக்கு மிச்சமானதில் கொஞ்சம் அண்ணன் தம்பியின் டிக்கெட்டில் கழிந்திருக்கும்.

சிவாஜிநகர் செல்வி: கழிந்தது உண்மைதான். அண்ணன் தினமும் முணுமுணுக்கிறார். அதற்காக அம்மாவின் சலுகையை ஏன் பிடுங்க வேண்டும்? வருமான வரி கட்டும் வீட்டுப் பெண்களிடம் டிக்கெட் வாங்கச் சொல்லுங்கள்.

மடிவாளா கணக்கன்: நடத்துனர் ஒவ்வொருவரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருந்தால் பஸ் மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேராது.

அல்சூர்வாசி: செல்வி சொல்வதை ஏற்கிறேன். இல்லாதவருக்குக் கொடுப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஓய்வூதியம் வாங்கும் என் மனைவியும் இலவசமாகத்தான் போகிறார். இப்போதே அவரிடம், "நீ இனிமேல் டிக்கெட் வாங்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "முதலில் உங்கள் மூத்த குடிமக்கள் சலுகையை விடுங்கள்" என்கிறார்.