தோட்ட மேசைக்கு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? (கடலூர்)

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் இருக்கிறேன். ஓய்வுபெற்ற நாங்கள் நாலு பேர், மாடித்தோட்டம் வைத்திருக்கும் அக்காக்கள் இரண்டு பேர், ஆக ஆறு பேர் சேர்ந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையில் தெருமுனையில் ஒரு மேசை போடுகிறோம். வீட்டுத்தோட்டம் பற்றி யார் என்ன கேட்டாலும் தெரிந்ததைச் சொல்வோம். காசு வாங்குவதில்லை, டீச் செலவும் எங்களுடையதுதான். ஆடியில் ஆரம்பித்தோம், விதை கேட்டு நல்ல கூட்டம் வந்தது. அதுவரை எல்லாம் சரி.

போன மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா கேரி பேக்கில் நாலு கத்தரி இலை போட்டுக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் தீய்ந்து, நரம்பை ஒட்டி மட்டும் பச்சை. எங்களில் ஒருவர் பொட்டாஷ் சத்துக் குறை, அடுப்புச் சாம்பல் போடுங்கள் என்றார். நான் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றச் சொன்னேன். இன்னொருவர் தண்ணீர் போதவில்லை, இரண்டு வேளை ஊற்றுங்கள் என்றார். பாவம், அந்த அம்மா மூன்றையும் செய்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றார். "நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் தம்பி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

செடிக்கு என்ன ஆகியிருக்கும்? ஆறு பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வதை எப்படித்தான் நிறுத்துவது?

முத்தியால்பேட்டை மாடி:

அந்த வீட்டுத் தண்ணீரை யாராவது நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா?

நான் புதுச்சேரி, எங்கள் தெருவிலிருந்தும் கடல் ரொம்ப தூரமில்லை. எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அது தெரிந்தும் முதல் வருஷம் அதையே ஊற்றி இருபது பை செடியைக் கொன்றேன். நீங்கள் சொல்கிற மாதிரியேதான் இருந்தது, முதலில் நுனி, அப்புறம் ஓரம், அதுவும் பழைய இலையில். பொட்டாஷ் குறைந்தாலும் இப்படித்தான் காயும் என்பதால் உங்கள் நண்பரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் உப்புத் தண்ணீராக இருந்தால் சாம்பல் உப்போடு உப்பைச் சேர்க்கும், இரண்டு வேளை ஊற்றினால் இரண்டு மடங்கு உப்பு தொட்டிக்குள் போகும், தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு எங்கே போகும்? மண் தொட்டி என்றால் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி போட்டிருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். அதிலேயே உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் பையில் போட வேண்டும். அதைப் போர் தண்ணீரில் ஊறவைத்து "கழுவிட்டேன்" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரிசெய்ய வழி இருக்கிறது. குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ மெதுவாக ஊற்றி அடி ஓட்டை வழியாக ஓடவிட வேண்டும், ஒரு தடவை போதாது. அடியில் தட்டு வைக்கக் கூடாது. நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையே இந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது ஓட்டை அடைத்துக்கிடந்த பைகளில் செடி அழுகிப்போனது, ஓட்டை சரியாக இருந்த பைகளிலோ தை மாதம் போட்ட தக்காளி அதற்கு முன் பார்க்காத அளவுக்குக் காய்த்தது. உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கிறது, வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பலாமர நிழல்:

கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு இலையைப் பார்த்ததில் இல்லை, தெரியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராததில்தான். மேசை போட்டு உட்கார்ந்துவிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றிவிடும், நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே 1973-ல் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம், பல்கலைக்கழக அலுவலர்களால் வீட்டுத்தோட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் ஆர்வமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கு ஈடாக இத்தனை மணி நேரம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். மாஸ்டர் கார்டனர் என்று பெயர். சந்தையில் நீங்கள் போடுகிற மாதிரியே மேசைதான். ஆனால் தெரியாததை எழுதிக்கொண்டு பல்கலைக்கழகத்தைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வார்கள். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் அவர்கள் ஊர் வழக்கம்.

கேட்க நமக்கு இடமா இல்லை? உங்களுக்குப் பக்கத்திலேயே பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1 கத்தரி, பாலூர் 1 பலா எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் வேளாண் அறிவியல் நிலையம். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தால் உப்பு எவ்வளவு என்று எண்ணாகவே எழுதித் தருவார்கள், நாக்கைவிட அது நம்பகம்.

அப்புறம் மேசையில் ஒருவர் பேசட்டும், மற்ற ஐந்து பேரும் டீ குடிக்கட்டும்.

சுண்டைக்காய்:

வில்லியனூரில் நாங்களும் ஒரு காலத்தில் இப்படி உட்கார்ந்தவர்கள்தான். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று, அளவை வாயால் சொல்லாதீர்கள், சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

மீன் அமிலம் பற்றி ஒருவருக்குச் சொன்னேன். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை, மூடி வைத்து 21 நாள், வடிகட்டி லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. அவர் காதில் மீனும் சர்க்கரையும் மட்டும்தான் விழுந்திருக்கிறது. சுண்டிப்போன மல்லிக்கு ஒரு டம்ளர் அப்படியே ஊற்றிவிட்டார். மல்லி போய்விட்டது, வாளிக்கு மூடி போடாததால் தெருப் பூனையெல்லாம் அவர் மாடியில், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து கடைசியில் என் பெயர்தான் அடிபட்டது. வேப்பெண்ணெயும் அப்படித்தான். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு, அதுவும் முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு. மத்தியானம் அடித்து இலையைப் பொசுக்கிவிட்டு வேப்பெண்ணெய் ஆகாது என்பவர்கள் நிறைய.

விதை கொடுக்கும்போதும் கேளுங்கள், கடையில் வாங்கிய வீரிய ரகத்தில் எடுத்த விதையா என்று. அது அடுத்த தலைமுறையில் அதே மாதிரி வராது, திட்டு மட்டும் உங்களுக்கு வந்து சேரும்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நானும் ஒரு அக்காவும் அந்த அம்மா வீட்டுக்கே போனோம். தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே போர் தண்ணீரை ஒரு சொம்பில் வாங்கி நாக்கில் வைத்தோம், கரித்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக, சுரண்டினால் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. "பருப்பு வேகுமா அம்மா?" என்று கேட்டதற்கு, சமையலுக்குக் குழாய்த் தண்ணீர்தானே பிடிக்கிறேன், இதை யார் வாயில் வைப்பார்கள் என்றார். செடிக்கு மட்டும் வைத்திருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

கத்தரியை விட்டுவிட்டோம். தொட்டிகளை ஓட்டை குத்தி மழையில் வைக்கச் சொல்லியிருக்கிறோம், தையில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் போர் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துவந்திருக்கிறேன், திங்கட்கிழமை பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

கிளம்பும்போது கொல்லையில் பார்த்தால் ஒரு சப்போட்டா, அதே தண்ணீர்தான், கிளை தாழக் காய்த்துக்கிடக்கிறது. சப்போட்டா உப்பைத் தாங்கும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது இப்போதுதான். ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்துவிட்டு, வருஷா வருஷம் பழம் சிறுத்துக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். அக்கா வாயைத் திறந்தார், நான் காலை மிதித்தேன். நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். யாருக்காவது தெரியுமா?