30 வருஷ பழைய மொட்டை மாடில புல்தரை போடலாமா, இல்ல தொட்டியே போதுமா?

மதுரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல வீடு, 1994ல மாமனார் கட்டுனது, மொட்டை மாடி 800 சதுரடி. சித்திரை வந்துட்டா மாடி ரூம்ல ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்குது, மாமியார் கீழ ஹால்லயே பாயை விரிச்சிடுறாங்க. ஒருத்தர் வந்து பாத்துட்டு மாடி முழுக்க 6 இன்ச் மண்ணு கொட்டி புல்தரை போட்டா ஜில்லுனு ஆயிடும்னாரு, இன்னொருத்தர் 3 இன்ச் போதும், ஜெர்மனில எல்லாம் அப்படித்தான்னு போட்டோ காட்டுறார். வீட்டுக்காரர் பேசாம தொட்டி வைப்போம்ங்கறார். சுர்க்கி (சுண்ணாம்பு, செங்கல் கலவை) போட்டு தட்டோடு பதிச்ச மாடி, இதுவரைக்கும் ஒழுகல. எது சரிப்படும்?

சைட்காரன்:
மேடம், செடி கதை அப்புறம், முதல்ல வெயிட்டு. நல்லா நனைஞ்ச மண்ணு ஒரு கன மீட்டர் 1,800 கிலோ கிட்ட வரும். 6 இன்ச்னா சதுரடிக்கு 25 கிலோ, மொத்தம் 20 டன், கோயில் யானை அஞ்சாறை மாடில ஏத்தி அங்கயே கட்டிப்போட்ட மாதிரி. ஆள் நடமாடுற மாடிக்கு ஐஎஸ் 875 (கட்டட எடைக்கான இந்தியத் தரவிதி) சொல்ற லைவ் லோடே, ஆள் சாமான்னு மேல வந்து போற எடை, சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சதுரடிக்கு 14 கிலோ சொச்சம்தான். 3 இன்ச்ல தேங்கா நார்க்கழிவு தூக்கலா கலந்தா நனைஞ்சும் 8, 9 கிலோல அடங்கும், ஆனா அதுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் நேர்ல வந்து பாக்கணும். அடில எங்கயாவது காரை பேந்து கம்பி துரு தெரியுதா?

பட்டுத்தெளிஞ்சவன்:
எங்க வீட்டுல போட்டோம். ரெண்டு ஐப்பசி தாங்குச்சு. அப்புறம் பெட்ரூம்ல ஃபேன் கொக்கிய சுத்தி டீ கொட்டுன மாதிரி ஒரு கறை, தினம் கொஞ்சம் பெருசாச்சு. தோண்டிப் பாத்தா புல்லு வேரு தலைமுடி மாதிரி தட்டோட்டு இடுக்குல எல்லாம் இறங்கி கிடக்கு, நார் போயி மழைத்தண்ணி குழாய் வாயை அடைச்சு கஞ்சி மாதிரி நிக்குது. போட்டவர் வேர்த்தடுப்பு ஷீட்டே விரிக்கல, கேட்டா புல்லுக்கு எதுக்கு சார்ங்கறார். ஒழுகுற இடம் ஒண்ணு, ஓட்டை வேற எடம், அதனால மொத்தத்தையும் அள்ளி இறக்குனோம், போட்ட காசை விட அள்ளுன கூலி ஜாஸ்தி. போட்டே தீருவேன்னா முதல்ல வாட்டர்ப்ரூஃப் பண்ணி, குழாய் வாயை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்தி பாத்துட்டு அப்புறம் மண்ணை ஏத்துங்க.

செடிகொடி:
அந்த ஜெர்மனி போட்டோல இருக்கறது சீடம்னு ஒரு குட்டி சதைப்பற்று செடி, அங்க இருக்கற குளுருக்கு 3 இன்ச்ல பொழைக்கும். நம்மூர் மே மாசத்துல 3 இன்ச் மண்ணு அப்பளம் மாதிரி காஞ்சுரும். புல்லுன்னா வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் தண்ணி குடிக்கும், உங்க மாடிக்கு கணக்கு போட்டா தினம் 400 லிட்டர் சிஸ்டர், லாரித் தண்ணி வாங்குற ஊர்ல இது கட்டுமா சொல்லுங்க. மெல்லிசா போடணும்னா பத்துமணிப்பூ, பிரண்டை, கத்தாழைன்னு போங்க. என்னைக் கேட்டா உங்க பிரச்சினை சூடு, அதுக்கு மண்ணு எதுக்கு, நிழல் போதும். மாடிக்கு வெயிலைத் திருப்பி அடிக்கற வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிச்சுட்டு மேல பந்தல் போட்டு கோவக்கா, பீர்க்கங்கா ஏத்தி விடுங்க. செடி வைக்கற பை எல்லாம், கீழ் வீட்டுச் சுவர் ஓடுற வரிசைக்கு நேர் மேல மாடில ஸ்டாண்டு போட்டு வைங்க, அடில காத்து போகணும், ஈரம் நிக்கக்கூடாது.

மதுரைக்காரி:
பால்கனி அடில ஒரு எடத்துல காரை பேந்திருக்கு சார், இப்பதான் டார்ச் அடிச்சு பாத்தேன், கம்பி தெரியுது. புல்தரைய விட்டாச்சு. பந்தல்னு சொன்னதும் மாமியார் புடலங்கா விதை எங்க கிடைக்கும்னு ஆரம்பிச்சுட்டாங்க. பந்தக்காலுக்கு தட்டோட்டுல ஓட்டை போடணுமா?

சைட்காரன்:
போட்டுறாதீங்க மேடம், ஒழுகாத மாடிய நாமளே ஒழுக வைக்க வேணாம். காலி பெயிண்ட் டப்பால கான்கிரீட் ஊத்தி குழாயை நட்டு, சுவரோரமா வச்சு கைப்பிடிச்சுவரோட சேத்து இறுக்கி கட்டிருங்க, ஆடிக்காத்துக்கு அது வேணும். காரை பேந்த இடத்தை மழைக்கு முன்னாடி சரி பண்ணுங்க, சும்மா சிமெண்ட் பூசி மூடாம துருவை சுரண்டி எடுக்கச் சொல்லுங்க.